உலக டெலஸ்கோப்புல நமக்கும் ஒரு முறை: நேரம் கேட்டு எழுதுறது எப்படி

எம்.எஸ்சி ஃபிசிக்ஸ் முடிக்கப்போற பிள்ளை ஒருத்தி போன வாரம் கல்லிடைக்குறிச்சில எங்க வீட்டுக்கு வந்தா, கையில எட்டு பக்கம் பிரிண்ட் அவுட். "அக்கா, டெலஸ்கோப் டைம் கேட்டு எழுதிருக்கேன், கொஞ்சம் பாத்து சொல்லுங்க." உக்காந்து படிச்சேன். ஆறு பக்கத்துக்கு பிரபஞ்சம் எப்படி உண்டாச்சு, வேற கோள்ல உயிர் இருக்குமான்னு அழகா எழுதிருக்கா, கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வரி, 40 மணி நேரம் வேணும்னு.

"ஏன் பிள்ள 40?"

"தெரியலக்கா, கூட கேட்டா பாதியாவது குடுப்பாங்கல்லா."

அவளுக்கு அன்னைக்கு ராத்திரி சொன்னதைத்தான் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுதேன். நம்ம பக்கத்துல இதை சொல்லிக்குடுக்க ஆள் ரொம்ப கம்மி, எனக்கும் யாரும் சொல்லல, ரெண்டு தடவை திருப்பி அனுப்புன பிறகுதான் வெளங்குச்சு.

எங்க அப்பாவுக்கு கன்னடியன் கால் பாசனத்துல வயல். தண்ணி கம்மியான வருஷம் முறை வச்சுதான் விடுவாங்க, இன்னாருக்கு இத்தனை மணி நேரம்னு. அங்க போயி எனக்கு தண்ணி வேணும்னு மட்டும் சொன்னா யாரும் காது குடுக்க மாட்டாங்க. எத்தனை மரக்கால் விதைப்பாடு, பயிர் என்ன பருவத்துல நிக்குது, மடை தொறந்தா எத்தனை மணி நேரத்துல நெறையும்னு சொல்லணும். நீங்க கூடுதலா வாங்குற ஒவ்வொரு மணியும் கடைமடைக்காரனுக்குப் போகவேண்டியது. டெலஸ்கோப் நேரமும் அச்சா அப்படித்தான், ராத்திரி எண்ணிக்கை மாறாது, கேக்குற ஆள்தான் கூடிக்கிட்டே போறாங்க. அதனால நேரம் கேட்டு எழுதுற ப்ரொபோசல்ல எந்தப் பகுதியை மெனக்கெட்டு எழுதணும்னு கேட்டா நான் கணக்குப் பகுதியைத்தான் சொல்லுவேன், அங்கதான் நெறைய பேர் கோட்டை விடுதாங்க.

முதல்ல யார்கிட்ட கேக்குறதுன்னு பாப்போம். பல நாட்டு டெலஸ்கோப்புங்களை ஒண்ணா சேத்து இயக்குற நெட்வொர்க்னு சொன்னா பெருசா நிக்கிறது லாஸ் கும்ப்ரெஸ் அப்சர்வேட்டரி. தலைமையிடம் கலிஃபோர்னியா, ஆனா டெலஸ்கோப்புங்க ஹவாய் ஹாலேயகாலா, டெக்சஸ் மெக்டொனால்ட், சிலி செர்ரோ டொலோலோ, டெனெரிஃப் தீவு, தென்னாப்பிரிக்கா சதர்லேண்ட், ஆஸ்திரேலியா சைடிங் ஸ்பிரிங்னு உலகத்தை சுத்தி நிக்கும். 2 மீட்டர், 1 மீட்டர், 0.4 மீட்டர்னு மூணு அளவு. ஒரு இடத்துல விடிஞ்சா இன்னொரு இடத்துல இருட்டும், அதனால ஒரு நட்சத்திரத்தை நாள் முழுக்க விடாம பாக்கலாம். அங்க ஆள் உக்காந்து திருப்புறது கிடையாது, எல்லாம் ரோபோட், ஒரு ஸ்கெட்யூலர் சாஃப்ட்வேர்தான் யாருக்கு எப்போ எங்கன்னு முடிவு பண்ணும், சிலியில மேகம் வந்துட்டா உடனே கணக்கை மாத்திப் போட்டுரும்.

நம்ம நாட்டுலயே கேக்குறதுக்கு நல்ல இடங்க இருக்கு. லடாக் ஹான்லேயில 4500 மீட்டர் உசரத்துல 2 மீட்டர் இமாலயன் சந்திரா டெலஸ்கோப், அதை பெங்களூர் பக்கம் ஹோஸ்கோட்டேல உக்காந்து சாட்டிலைட் லிங்க் வழியா இயக்குதாங்க. நைனிடால் பக்கம் தேவஸ்தலத்துல 3.6 மீட்டர். நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பும் 1.3 மீட்டரும். ரேடியோ டெலஸ்கோப்னா புனே பக்கம் கோடத்துல 45 மீட்டர் டிஷ் 30 நிக்குற ஜி.எம்.ஆர்.டி, அதுக்கு எந்த நாட்டுக்காரரும் எழுதிப் போடலாம். ஆராய்ச்சி மாணவரா இருந்தா கைடு பேரையும் சேத்து இங்க எழுதுறதுதான் மொத வழின்னு நான் நெனைக்கேன்.

பள்ளிக்கூட வாத்தியார், காலேஜ் ஆஸ்ட்ரோ கிளப்னா லாஸ் கும்ப்ரெஸ்ல குளோபல் ஸ்கை பார்ட்னர்ஸ்னு ஒரு திட்டம் இருக்கு. கல்விக்காக நேரம் குடுக்குறது, எந்தப் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக்குடுக்கப்போறீங்கன்னு எழுதிக் கேக்கணும். அதுக்கும் முன்னாடி சும்மா கை பழகணும்னா ஹார்வர்டு ஸ்மித்சோனியன் நடத்துற மைக்ரோ அப்சர்வேட்டரி இருக்கு. 6 இன்ச் ரோபோட் டெலஸ்கோப், படம் எடுக்கச் சொல்லிக் கேட்டா மெயில்ல வந்துரும், ப்ரொபோசல் எதுவும் வேண்டாம்.

காலம் எப்படின்னா, நமக்கு காரும் பிசானமும்னு நெல்லுக்கு ரெண்டு போகம் இருக்குற மாதிரி அவங்களுக்கு செமஸ்டர். லாஸ் கும்ப்ரெஸ்ல பிப்ரவரியிலருந்து ஜூலை வரைக்கும் ஏ, ஆகஸ்ட்லருந்து ஜனவரி வரைக்கும் பி. ஜி.எம்.ஆர்.டிக்கு ஏப்ரல்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு. ஹான்லேக்கு நாலு மாசத்துக்கு ஒரு சைக்கிள். செமஸ்டர் ஆரம்பிக்கிறதுக்கு சில மாசம் முன்னாடியே டெட்லைன் முடிஞ்சுரும், பிசானத்துக்கு நாத்து எப்போ போடணும்னு நம்மாளுங்க முன்கூட்டி யோசிக்கிற மாதிரிதான் இதுவும், பிப்ரவரியில பாக்கவேண்டிய நட்சத்திரத்துக்கு முந்துன மழைக்காலத்துலயே எழுதி முடிச்சிருக்கணும்.

சரி, உங்க நட்சத்திரம் எந்த மாசம் தெரியும்? இதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு, ஸ்டெல்லேரியம் போதும், ஆனாலும் மனக்கணக்கு ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க. வானத்துல கிழக்கு மேற்கா ஒரு நட்சத்திரம் எங்க இருக்குன்னு மணிக் கணக்குல சொல்றதுதான் ஆர்.ஏ., மார்ச் 21 வாக்குல நடுராத்திரி உச்சியில நிக்குறது ஆர்.ஏ. 12 மணி. மாசத்துக்கு 2 மணி கூடிக்கிட்டே போவும், ஏப்ரல் 21 வாக்குல 14, மே 21 வாக்குல 16, இப்படி. பின்னால போனா பிப்ரவரி 20 வாக்குல 10. உங்க டார்கெட் ஆர்.ஏ. 10 மணின்னா பிப்ரவரி, மார்ச்சுதான் ராத்திரி பூரா கிடைக்கும், அதை ஆகஸ்ட்ல கேட்டா சூரியன் பக்கத்துல போயி நிக்கும். இந்தத் தப்போட வர்ற ப்ரொபோசலை, யாருக்கு நேரம்னு முடிவு பண்ற கமிட்டி ரெண்டாவது பக்கம் திருப்ப மாட்டாங்க.

உசரமும் பாக்கணும். அன்னைக்கு அந்தப் பிள்ளையை மொட்டைமாடிக்கு கூட்டிட்டுப் போனேன், பிப்ரவரி மாசம், ராத்திரி 9 மணி தாண்டிருக்கும், தெக்க தென்னந்தோப்புக்கு மேல அகத்திய நட்சத்திரம் நின்னுச்சு. "இது இன்னும் மேல ஏறுமாக்கா"ன்னு கேட்டா. ஏறாது. ஊரோட அட்சரேகைக்கும் நட்சத்திரத்தோட டெக்குக்கும் (வானத்துல அதோட அட்சரேகை மாதிரி) உள்ள வித்தியாசத்தை 90-லருந்து கழிச்சா அதோட அதிகபட்ச உசரம். நாம வடக்க 8.7 டிகிரி, அகத்தியர் தெக்க 52.7, வித்தியாசம் 61.4, மிச்சம் 28.6 டிகிரி. அதுக்கு மேல நம்ம ஊர்ல அது ஏறவே செய்யாது, பைய பொதிகைப் பக்கமா சாஞ்சு எறங்கிரும். அதே நட்சத்திரம் சதர்லேண்ட்ல, அது தெக்க 32.4 டிகிரி, ஏறக்குறைய 70 டிகிரிக்கு ஏறும். இது ஏன் முக்கியம்னா 30 டிகிரி உசரத்துல ஒளி நேர் உச்சியில கடந்து வர்றதைப்போல ரெண்டு மடங்கு காத்தைக் கடந்து வருது, அதுக்குப் பேரு ஏர்மாஸ் 2. படம் அலையும், மங்கும். அதுக்குள்ள முடியுற மாதிரி திட்டம் போடுங்க, துல்லியமா ஒளி அளக்கணும்னா 1.6-க்குள்ளயே வச்சுக்கோங்க. பிள்ளை செல்லுல கணக்கு போட்டுப் பாத்துட்டு திரும்ப அந்த நட்சத்திரத்தையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னா.

இப்போ 40 மணிக்கு வருவோம். அவ எடுத்துருந்த டார்கெட் வாஸ்ப்-43 பி. ஒரு ஆரஞ்சு நட்சத்திரத்தை 19 மணி நேரம் 31 நிமிஷத்துல ஒரு சுத்து சுத்துற ராட்சசக் கோளு. நட்சத்திரத்துக்கு முன்னாடி கடக்கும்போது ஒளி 2.5 சதவீதம் கொறையும், அது 70 நிமிஷம் நீடிக்கும், இப்படி குறுக்க கடக்குறதைத்தான் கடத்தல்னு சொல்லுதேன். நட்சத்திரத்தோட வெளிச்சம் 12.4 மேக்னிட்யூட், இந்த எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல்னு அர்த்தம். டெக் தெக்க 10 டிகிரிக்குப் பக்கம்ங்கறதுனால வடக்க இருக்குற டெலஸ்கோப்பும் பாக்கும் தெக்க இருக்குறதும் பாக்கும்.

2.5 சதவீதக் கொறைச்சல் தெளிவா தெரியணும்னா ஒவ்வொரு படத்துலயும் அதுல பத்துல ஒரு பங்கு, 0.25 சதவீதம், துல்லியம் வேணும். ஃபோட்டான்ங்கறது ஒளித்துகள், அந்த எண்ணிக்கையோட வர்க்கமூலம்தான் எரர். 10,000 ஃபோட்டான்னா மூலம் 100, அப்போ 1 சதவீதம். 0.25 சதவீதம்னா 400-இன் வர்க்கம், 1,60,000 ஃபோட்டான் சேக்கணும். அதை உங்க டெலஸ்கோப் எத்தனை செகண்டுல சேக்கும்னு அவங்க தர்ற எக்ஸ்போஷர் டைம் கால்குலேட்டர்ல மேக்னிட்யூட், ஃபில்டர், நிலா எல்லாம் குடுத்துப் பாருங்க. கேமரா பிக்சல் ஒளி நெறஞ்சு வழிஞ்சு சாச்சுரேட் ஆகுதான்னும் கேட்டுக்கோங்க, வெளிச்சமான நட்சத்திரத்துக்கு பெரிய டெலஸ்கோப் கேக்குறதுல இந்த ஆபத்து இருக்கு.

60 செகண்டுன்னு வருதுன்னு வச்சுக்குவோம். படம் எடுத்த பிறகு கேமரா அதைப் படிச்சு வெளிய தர்றதுக்கும் நேரம் போவும், பெரிய கேமரான்னா அரை நிமிஷம் வரைக்கும். அப்போ ஒரு படத்துக்கு 90 செகண்ட். 70 நிமிஷ கடத்தலுக்கு முன்ன ஒரு 55 பின்ன ஒரு 55 நிமிஷம், கோளு குறுக்க வராதப்போ ஒளி எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் கொறைஞ்சதைச் சொல்ல முடியும். ஆகமொத்தம் 3 மணி நேரம், 120 படம். நாலு கடத்தல் பாக்கணும்னா 12 மணி. டெலஸ்கோப் திரும்பி நிக்கிற நேரமெல்லாம் உங்க கணக்குலதான் ஏறும், அதுக்கு ஒரு மணி சேத்தா 13.

40 எங்க 13 எங்க. 13-ன்னு எழுதி, அது எப்படி வந்துச்சுங்கற கணக்கை அஞ்சு வரியில போட்டா கமிட்டியில அதைக் கொறைக்கவும் யாருக்கும் முகாந்திரம் இருக்காது. எனக்கு திருப்பி வந்த ரெண்டாவது ப்ரொபோசல்ல ஒரே ஒரு வரிதான் எழுதிருந்தாங்க, கேட்ட நேரத்துக்குக் காரணம் தெரியலன்னு. அன்னைக்கு ரொம்ப வருத்தப்பட்டேன், இன்னைக்கு அந்த வரியை நெனச்சா நன்றிதான் வருது.

நாலு கடத்தல் எதுக்கு, ஒண்ணு போதாதான்னு அடுத்த கேள்வி வரும். இங்கதான் அறிவியல் காரணம் எழுதணும், ஆறு பக்கமெல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் ரெண்டு பக்கம்தான் எங்கயும் விடுவாங்க. கோளோட சுத்துற காலம் 0.1 செகண்ட் தப்பா தெரிஞ்சிருக்குன்னு வைங்க, இது மாதிரி கோளு வருஷத்துக்கு 449 சுத்து வரும், அப்போ வருஷத்துக்கு 45 செகண்ட் தப்பு, பத்து வருஷத்துல ஏழரை நிமிஷம். விண்வெளி டெலஸ்கோப்புல கோடி கோடியா செலவு பண்ணி பாக்கப்போறவங்களுக்கு கோளு எப்போ குறுக்க வரும்னு சரியா தெரியணும்ல, அந்த வேலையை 0.4 மீட்டர் டெலஸ்கோப் செய்யும். ஐரோப்பாவோட ஏரியல் விண்வெளி டெலஸ்கோப் திட்டத்துக்காக எக்ஸோகிளாக்னு ஒரு கூட்டு முயற்சி இதே வேலையை உலகம் பூரா அமெச்சூர் ஆட்களையும் சேத்து செய்யுது, எந்தக் கோளுக்கு அவசரமா அளவு வேணும்னு பட்டியலும் அங்க கிடைக்கும்.

அதனால அவகிட்ட சொன்னேன், வாஸ்ப்-43 பி கணக்கு பழகுறதுக்கு நல்லது, ஆனா அதை ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப்பே 2022 டிசம்பர்ல பாத்தாச்சு, அதோட காலம் ரொம்ப துல்லியமா தெரியும், கமிட்டி இது எதுக்குன்னு கேப்பாங்க. அந்தப் பட்டியல்ல ரொம்ப நாளா யாரும் தொடாத ஒண்ணை எடு. எழுதுறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே எடுத்த படங்களைச் சேத்து வச்சிருக்குற ஆர்கைவ் தேடு. லாஸ் கும்ப்ரெஸ் டேட்டா 12 மாசம் கழிச்சு பெரும்பாலும் எல்லாருக்கும் தொறந்துரும், 2018-ல ஏவுன, கோளு தேடுற டெஸ் விண்கலத்தோட டேட்டாவும் பொதுவுல இருக்கு. ஏற்கெனவே எடுத்து வச்சதை திரும்பக் கேட்டா அது வீண், ஆர்கைவ்ல தேடினேன், இன்ன காரணத்தால அது பத்தலன்னு ஒரு வரி போட்டா அந்த ஒரு வரிக்கே மதிப்பு உண்டு.

ஏன் நெட்வொர்க்தான் வேணும்ங்கறதையும் எழுதணும். ஒரே இடத்துல இருக்குற டெலஸ்கோப்பால முடியுற வேலைன்னா அங்கயே போகச் சொல்லிருவாங்க. கடத்தல் ராத்திரி எந்த நேரத்துலயும் வரும், நம்ம நாட்டுல பகலா இருக்கும்போதும் வரும், காத்திருக்காது, அதனால பல தீர்க்கரேகையில டெலஸ்கோப் வேணும். ரெண்டு மாசம் ஒருநாள் விட்டு ஒருநாள் சூப்பர்நோவாவை, அதாவது வெடிச்ச நட்சத்திரத்தை, பாக்குறதும் நெட்வொர்க் வேலைதான். ரொம்ப மங்கலான கேலக்ஸியோட ஒளியை நிறம் நிறமா பிரிச்ச ஸ்பெக்ட்ரம் வேணும்னா அது தேவஸ்தலம் மாதிரி பெரிய கண்ணாடிக்குப் போகவேண்டியது. காத்திருக்காத விஷயத்துக்கு எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகுதுன்னு பல இடத்துல பாத்தாங்க, காவலூர் 1 மீட்டர் டெலஸ்கோப்புலயும் பாத்தாங்க, மறைக்கிறதுக்கு முன்னாடியே ஒளி வெட்டிச்சு, யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு அப்படித்தான் தெரிஞ்சது. அன்னைக்கு அந்த நேரத்துக்கு டெலஸ்கோப் அங்க திரும்பி இருக்கணும்னு யாரோ முன்னாடியே கேட்டு வாங்கியிருக்காங்க.

நடை பத்தி ரெண்டு வார்த்தை. கமிட்டியில இருக்குறவங்களும் வானியல் ஆட்கள்தான், ஆனா உங்க பொருள்ல எல்லாரும் நிபுணர் கிடையாது, கட்டு கட்டா படிக்கணும், உங்களுதை ராத்திரி 11 மணிக்குப் படிக்கலாம். மொத பத்தியிலயே என்ன அளக்கப்போறேன், அளந்தா எந்தக் கேள்வி தீரும்னு சொல்லிருங்க. பல இடத்துல இப்போ பேரை மறைச்சுதான் படிக்கிறாங்க, ஹப்பிள்ல 2018-லருந்தே அப்படி. அங்க "நாங்க முன்னாடி செஞ்ச வேலையில"ன்னு எழுதக்கூடாது, முன்னால வந்த ஒரு கட்டுரையில இப்படி இருக்குன்னு மூணாம் ஆள் மாதிரி எழுதணும். எந்தக் காலேஜ்னு தெரியாம படிக்கிறது நம்ம மாதிரி சின்ன ஊர் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தேவையில்ல.

நேரம் கிடைச்சுட்டா அடுத்தது அவங்க இணையதளப் போர்ட்டல்ல ரிக்வெஸ்ட் போடுறது. டார்கெட்டோட ஆர்.ஏ., டெக், ஃபில்டர், எக்ஸ்போஷர், ஏர்மாஸ் எல்லை, நிலாவுலருந்து எத்தனை டிகிரி தள்ளி, எந்த நேரத்துக்குள்ளன்னு எல்லாம் கேக்கும். ஏர்மாஸையும் நிலாவையும் ரொம்ப இறுக்கிப் போட்டா ஸ்கெட்யூலருக்கு இடமே கிடைக்காம ரிக்வெஸ்ட் காலாவதி ஆயிரும். லாஸ் கும்ப்ரெஸ்ல ஐ.பி.பி.ன்னு ஒரு நம்பர், 0.5-லருந்து 2 வரைக்கும், இது எனக்கு எவ்வளவு முக்கியம்னு சொல்றது. ஒண்ணுக்கு மேல போட்டா அதுக்குன்னு குடுத்த இருப்பு கரையும், எல்லாத்துக்கும் 2 போட்டு மொத மாசமே தீத்துறாதீங்க.

நேரம் குறிக்கிற இடத்துல நான் ஒரு தடவை பட்டதைச் சொல்லியே ஆகணும். கடத்தலோட நடு நேரம் நம்ம கணக்குல ராத்திரி 11 மணி, அதாவது போர்ட்டல் கேக்குற உலகப் பொது நேரமான யு.டி.சி-யில 17:30. நான் நோட்டுல நம்ம நேரத்தை எழுதி வச்சிருந்தேன், அதை அப்படியே பாத்து 23:00-ன்னு அடிச்சுட்டேன். அஞ்சரை மணி நேரம் தள்ளிப்போச்சு. உண்மையான கடத்தல் அன்னைக்கு ஆஸ்திரேலியாவுக்குத் தெரிஞ்சிருக்கும், படம் எடுத்ததோ தென்னாப்பிரிக்கா டெலஸ்கோப். காலையில 120 படம் வந்து கெடந்துச்சு, அத்தனையும் சுத்தமான படம், பக்கத்து நட்சத்திரத்தோட ஒப்பிட்டு ஒளியை அளந்து கோடு போட்டா தரையில விரிச்ச பாய் மாதிரி தட்டையா கெடக்கு. கோளு அதுக்குள்ள போயே போச்சு. இன்னொருத்தர் பயன்படுத்தியிருக்க வேண்டிய 3 மணி நேரம். அன்னைலருந்து நோட்டுல யு.டி.சி தவிர வேற நேரம் எழுதுறது கிடையாது. கட்டுரைங்கள்ல பி.ஜே.டின்னு போட்டிருந்தா அது சூரிய மண்டல நடுவுலருந்து பாத்த நேரம், நம்ம நேரத்துக்கும் அதுக்கும் 8 நிமிஷத்துக்கு மேல கூட வித்தியாசம் வரும், அதையும் மாத்திக்கிடணும்.

காவலூர் மாதிரி ராத்திரி கணக்குல ஒதுக்குற இடத்துல மழை வந்தா அந்த ராத்திரி போனதுதான், ஐப்பசி கார்த்திகையைக் கேட்டு வாங்காதீங்க. ரோபோட் க்யூவுல அந்தக் கவலை கம்மி, எடுக்காத படத்துக்குக் கணக்குல கழிக்க மாட்டாங்க, வேற நாள் வேற இடத்துல திரும்ப முயற்சி பண்ணும்.

டேட்டா வந்தவுடனே தொறந்து பாருங்க, ஒரு மாசம் போடாதீங்க. படத்துல ஒளியை அளக்குற ஆஸ்ட்ரோ இமேஜ் ஜே சாஃப்ட்வேர் இலவசம், சாதாரண லேப்டாப்லயே ஓடும். மொத படத்துல நட்சத்திரம் நடுவுல இருக்கா, ஃபோகஸ் சரியா, பிக்சல் நெறஞ்சு போச்சான்னு பாத்தா அடுத்த கடத்தலுக்குள்ள எக்ஸ்போஷரை மாத்தலாம். செமஸ்டர் முடிஞ்சதும் குடுத்த நேரத்தை என்ன செஞ்சீங்கன்னு எழுதி வச்சுக்கோங்க, அடுத்த ப்ரொபோசல்ல அதுக்குன்னே ஒரு பகுதி இருக்கும், வாங்குன நேரத்துக்கு வேலை காட்டுனவங்களுக்குத்தான் அடுத்த முறை சுலபமா கிடைக்குது.

பிள்ளை இப்போ வேற கோளு எடுத்துட்டா. ரெண்டு பக்கம், 9 மணி நேரம், மூணு கடத்தல். நேத்து ராத்திரி அனுப்புனதுல டெக்குக்கு முன்னாடி மைனஸ் குறி விட்டுப்போயிருந்துச்சு, அதை மட்டும் செவப்புல வட்டம் போட்டு திருப்பி அனுப்பிருக்கேன்.